ஏணி நுனியின் கண்

இடது கை வயர்க் கற்றையை விலக்கிப் பிடித்திருக்க, வலது கையின் இரண்டு விரல்கள் உள்ளே நுழைந்து நாடா சுற்றிய ஏதோ ஒன்றைத் தடவிப் பிடித்தன. கறுப்பு நாடா. ஏணி வண்டியின் இந்த வயர்ப் பெட்டிக்குள் கறுப்பு நாடா இருக்கக் கூடாது. போன தடவை இதே கைகள் எல்லாவற்றையும் பிரித்தெறிந்து, இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடியிருந்தன. நகம் நாடாவின் நுனியைக் கிளப்பியது. சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர், இரண்டு முனையும் தோலுரித்து, ஒரு பாதையை வெட்டி இன்னொரு பாதைக்குக் குறுக்கே பாலம் போட்டிருந்தது.

"திரும்பவும் போட்டிருக்காங்க," என்றாள் நிஷாந்தி. பக்கத்தில் யாரும் இல்லை.

இரத்மலானையில் அவள் வேலை செய்யும் கராஜுக்கு கிரேன்களும் தீயணைப்பு ஏணி வண்டிகளும்தான் வரும். இப்போது நடுவில் நிற்பது கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள ஒரு கிடங்கு வளவின் சொந்த வண்டி. ஜப்பானில் பாவித்த பழைய வண்டியை வாங்கி இறக்கியிருந்தார்கள். முதுகில் மடிந்து படுத்திருக்கும் ஏணி நீண்டால் பத்தாம் மாடி வரை போகும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நிற்கும் சில மாடிக் கட்டடங்களோடும் அந்த வளவுக்கு ஒப்பந்தம் உண்டு. பயிற்சிக்கும் அவசரத்துக்கும் இந்த வண்டிதான் போகும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே பயிற்சி. அதற்கு முன் வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏணியின் நுனியில் ஓர் ஆள் நிற்கும் கூடை. கூடைக்குக் கீழே, ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு கண்ணாடிக் கண். சுவரோ பல்கனியோ ஒரு கை நீளத்துக்குள் வந்தால் கண் அதைப் பார்த்துவிடும், ஏணி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஏணியை இயக்குகிறவர் கீழே ஆசனத்தில் இருப்பார். அவ்வளவு உயரத்தில் கூடைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது அங்கிருந்து அவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்தக் கண். சிவப்பு வயர் செய்தது, அந்தக் கண்ணைக் குருடாக்கியதுதான். எது எதிரே வந்தாலும் "வழி காலியாக இருக்கிறது" என்றே இயந்திரத்துக்குச் செய்தி போகும்.

அந்த வயரை அவள் கழற்றி வீசுவது இது மூன்றாவது தடவை.

நிஷாந்தி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்புக்கு வந்ததும் தையல் தொழிற்சாலைக்குத்தான் போனாள். அங்கே பழுதான தையல் மெஷின்களின் மோட்டார்களைத் திறந்து பார்க்கிற பழக்கத்தால் மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கி, பிறகு கொட்டாஞ்சேனையில் மோட்டார் சுற்றும் கடையொன்றில் செம்புக் கம்பி சுற்ற உட்கார்ந்தாள். அந்தக் கடைக்குத் துறைமுகத்து கிரேன்களின் மோட்டார் வரும். மோட்டாரைக் கொண்டுபோய்ப் பூட்டுகிற இடத்துக்கும் போகத் தொடங்கினாள். பூட்டிய மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பார்க்க வயரைப் பிடித்துக்கொண்டு போனாள். வயர் போன வழியெல்லாம் போனதில் கிரேன் முழுவதும் பிடிபட்டது. ஜப்பானியக் கையேட்டை வாசிக்க அவளுக்குத் தெரியாது. அதிலுள்ள படங்களைப் பார்ப்பாள், படத்துக்கும் வண்டிக்கும் ஒத்துவராத இடத்தில் வண்டியை நம்புவாள்.

அவளுக்கு ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. எந்தச் சுவிட்சையும் தொடுவதற்கு முன், ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுவாள். கிறீஸ், தூசி, கடற்காற்றின் உப்பு எல்லாம் போன பிறகுதான் மீட்டரை வைப்பாள். அழுக்கோடு அளந்தால் அழுக்கைத்தான் அளப்போம் என்பது அவள் கட்சி. கராஜில் இதற்காகவே அவளைக் கிண்டல் செய்வார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் "ஸ்டொப் அக்கா". அவள் பூட்டுகிறதெல்லாம் எதையாவது நிறுத்துகிற சாமான் என்பதால். ஜாக்கிக் கால்கள் நிலத்தில் ஊன்றாவிட்டால் ஏணி எழும்பாது. கால்மிதியிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் நிற்கும். கூடையில் பாரம் கூடினால் நீளாது. நுனிக்கு முன்னால் சுவர் வந்தால் நகராது. எல்லாவற்றுக்கும் அவள் பொறுப்பு.

வயரைக் கையில் வைத்துக்கொண்டே பஸீருக்குப் போன் எடுத்தாள். பஸீர் அந்த வளவுத் தீயணைப்புக் குழுவின் தலைவர்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல அவரை அவள் "நானா" என்பாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். கூடவே இரண்டு பேர். ஏணியை இயக்கும் அழகர், கூடையில் ஏறி நிற்கும் புஷ்பராஜ். புஷ்பராஜ், அழகரின் அக்கா மகன். அவன் சட்டையின் வலது கை கொஞ்சம் உப்பியிருந்தது. உள்ளே கட்டு.

நிஷாந்தி வயரை பொனட்டின் மேல் வைத்தாள்.

"என்னாங்க நானா இது?"

"வயர்," என்றார் பஸீர்.

"அது எனக்கும் தெரியுது. யாரு போட்டது?"

"நாந்தான் போட்டன். ஒளிக்க ஒண்ணுமில்ல. ஒங்கட கண்ணு வேல செய்யுதில்ல தங்கச்சி. ஏணி தாங்கியில இருந்து கொஞ்சம் எழும்பும், பொறகு செவப்பு லைட் எரியும், அசையாது. நெருப்பு எரியிற எடத்துல நான் ஸ்டொப் அக்காவுக்கு கோல் எடுத்துட்டு ஈக்கட்டுமா?"

"இங்க வேலை செய்யுது. போன தடவையும் செஞ்சுச்சு. அதுக்கு முந்தியும். உங்க கண்ணு முன்னாடிதான் நீட்டிக் காட்டினேன்."

"இங்க செய்யும். எங்கட எடத்துக்குப் போனா செய்யாது. திங்கக்கிழமை செய்யும், சனிக்கிழமை செய்யாது."

"மெஷினுக்குக் கிழமை தெரியுமா நானா?"

"எனக்கு என்ன தெரியும். நீங்கதானே படிச்சு வெச்சீக்கிறீங்க."

நிஷாந்தி புஷ்பராஜின் கையைப் பார்த்தாள். "அது என்ன?"

புஷ்பராஜ் மாமாவைப் பார்த்தான். அழகர் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா. வெள்ளவத்தையில பழகும்போது கூடை பல்கனிக் கம்பியில மோதிருச்சு. கை இடையில மாட்டிக்கிச்சு. எலும்பு உடையல."

"எப்ப?"

"போன மாசம்."

"வயர் போட்டிருந்தப்ப."

பக்கத்தில் எங்கோ கிரைண்டர் ஓடி நின்றது. நிஷாந்தி வயரைத் திரும்ப எடுத்து இரண்டாக மடித்தாள். மூன்று தடவை அவள் சொல்லியிருக்கிறாள். மெதுவாகவும் சொல்லியிருக்கிறாள், கத்தியும் சொல்லியிருக்கிறாள், வளவு மெனேஜரிடம் சிங்களத்திலும் சொல்லியிருக்கிறாள். மெனேஜர் "ஹரி ஹரி மிஸ்," சரி சரி என்று தலையாட்டினார். இப்போது ஒரு மனிதனின் கை கம்பிக்கும் கூடைக்கும் நடுவில் போய் வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு அதே ஆள், அதே கூடை.

"வயரோட வண்டிய நான் வெளிய விட மாட்டேன்," என்றாள்.

"வயர் இல்லாட்டி வண்டியால எனக்கு வேலையில்ல," என்றார் பஸீர். "நீங்க இங்க நல்லா வெச்சுத் தருவீங்க. அங்க போய் சனிக்கிழமை நிக்கும். ஞாயித்துக்கிழமை மேல மாடியில சனம் எட்டிப் பாத்துட்டு நிக்கக்குள்ள நான் கீழ நின்டு என்ன செய்ய, கைதட்டவா?"

"அப்ப பழுதக் காட்டுங்க. பழுத நான் கண்ணால பாக்கணும். பாக்காம எதைத் திருத்துறது?"

"எங்கட எடத்துல வந்து பாருங்க."

"அங்க வந்து பாத்தேன். அன்னைக்கு நல்லா ஓடுச்சு."

"அன்னைக்கு திங்கக்கிழமை."

நான்கு பேரும் ஒரே பேச்சைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவள் பழையபடி எல்லாவற்றையும் செய்து காட்டினாள். அழகர் ஆசனத்தில் ஏறி, ஜாக்கிகளை இறக்கி, காலை மிதியில் வைத்தார். ஏணி எழுந்து திரும்பி, அழகாக நீண்டது. சிவப்பு விளக்கு எரியவில்லை. "பாத்தீங்களா," என்றாள் அவள். "பாத்தன், இங்க ஓடாதுன்னு நான் சொல்லல்லயே," என்றார் பஸீர். ஏணி திரும்பத் தாழ்ந்து வந்தது. கூடை ஆளுயரத்துக்கு இறங்கியதும் அழகர் இறங்கி வந்து அதன் அடியில் குனிந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு அழிச்சது?" என்றார்.

"எதை?"

"பொட்ட."

நிஷாந்தி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "எந்தப் பொட்டு அண்ணே?"

"வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறனே. சந்தனமும் குங்குமமும். வண்டி முன்னாடி ஒண்ணு, ஸ்டியரிங்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. இங்கதான் பெருசா வைப்பேன். பயல் இதுக்கு மேலதான நிக்கிறான். யாரோ துடைச்சு வுட்டுருக்காங்க. போன தடவையும் இப்படித்தான், இங்க கொண்டாந்துட்டுப் போனா அழிஞ்சிருக்கும். கேக்க வேணாம்னு இருந்தேன்."

நிஷாந்தி அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். பளபளவென்று துடைத்த கண்ணாடிக் கண்.

மஞ்சளாய்க் காய்ந்துபோன ஒரு திட்டு அதன் மேல் இருந்தது. இன்று காலையில், வண்டி வந்த அரை மணிக்குள், வழக்கம்போல் முதல் வேலையாக அவள் துடைத்தெடுத்தது. துரு நீர் வடிந்து காய்ந்தது என்று நினைத்தாள். போன தடவையும் துடைத்தாள். அதற்கு முன்னும். மூன்று தடவையும் பழுதைத் தன் கையாலேயே துடைத்துத் துணியோடு குப்பையில் போட்டுவிட்டு, பழுது எங்கே என்று வயர்ப் பெட்டிக்குள் தலையை விட்டிருக்கிறாள்.

"நானா, வண்டிய எப்ப கழுவுவீங்க?"

"திங்கக்கிழமை காலையில. இங்க கொண்டுவாற கெழமையில மட்டும் கழுவுறல்ல," என்றார் பஸீர். சொல்லிக்கொண்டே அவர் வாய் மெல்ல மூடியது.

"துடைச்சது நான்தான் அழகர் அண்ணே. சந்தனம் கையில இருக்கா?"

அழகருக்கு எரிச்சல் வந்தது. "எதுக்கு? நீயே அழிச்சிட்டு நீயே வைக்கச் சொல்றியா?"

"வைங்களேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளங்கையில் குழைத்து, கண்ணின் மேல் கட்டைவிரலால் அழுத்தி வைத்தார். நடுவில் குங்குமம். கையெடுத்து ஒரு முறை கும்பிட்டார். நிஷாந்தியும் கும்பிட்டாள், பழக்கத்தில். அவளுடைய சொந்த மீட்டரின் முதுகிலும் போன பூசைக்கு வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. அதனால் யாரையும் ஏசவும் முடியவில்லை.

"ஏறுங்க. நீட்டுங்க."

ஏணி தாங்கியிலிருந்து எழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அழகர் பிடியைத் தள்ளினார். நகரவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்.

"முன்னால சுவர் நிக்குதுன்னு அது நெனைக்குது," என்றாள் நிஷாந்தி. "சந்தனந்தான் சுவர்."

முதலில் சிரித்தது பஸீர்தான். சிரித்துச் சிரித்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். "அட அல்லாஹ்வே. நான் மெனேஜர்கிட்டக் கேட்டு புதுச் சென்சர் எடுக்கப் போனன்." பிறகு புஷ்பராஜைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வயர நாந்தானே போட்டன்," என்றார்.

அழகர் ஆசனத்திலேயே உட்கார்ந்திருந்தார். கால் இன்னும் மிதியில் இருந்தது. அவர் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. பொட்டு வைத்தது அவர். பொட்டால் ஏணி நின்றது. நின்றதால் வயர். வயரால் கண் குருடு. கீழே இதே ஆசனத்தில் இருந்து கூடையைக் கம்பியில் கொண்டுபோய் மோதியதும் அவர். கீழே இறங்கி வந்தபோது யாரையும் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கூடைக்கடியில் இருந்த கண்ணாடிக் கண்ணைத் துடைக்கப் போனார். நிஷாந்தி தடுத்து ஸ்பிரிட் துணியைக் கொடுத்தாள். அவரே துடைத்தார், ஓரமெல்லாம் விடாமல், குங்குமத்தின் சிவப்பு போகும் வரை.

"இனிமே வைக்கல," என்றார்.

"ஐயோ மாமா," என்றான் புஷ்பராஜ். "நீங்க வைக்கலன்னா நான் மேல ஏறுறதாவது."

"சும்மா இருடா."

நிஷாந்திக்கு இந்த விளையாட்டுக்குப் பொறுமை இல்லை. "வைக்க வேணாம்னு யாரு சொன்னது? கூடைக்குள்ள பெல்ட் கொக்கி மாட்டுற வளையம் இருக்கு. அங்க வைங்க. அது இரும்பு, அதுக்குக் கண்ணு இல்ல. இவன் கொக்கிய மாட்டுறப்ப பாத்துக்குவான். மாட்டாம நிக்கிறான்னு வேற கேள்விப்பட்டேன்."

புஷ்பராஜ் அதைக் கேளாதது போல் கூடையைப் பார்த்தான்.

அதற்கு மேலும் அவள் வண்டியை உடனே விடவில்லை. புஷ்பராஜைக் கூடையில் ஏற்றி, கொக்கியை மாட்ட வைத்து, கராஜின் பின்பக்கச் சுவரை நோக்கி ஏணியைக் கொண்டுபோகச் சொன்னாள். அழகர் பிடியை லேசாகத் தொட்டார். "மெதுவாவா?" என்றார்.

"எப்பவும் போல."

கூடை சுவரை நோக்கிப் போனது. புஷ்பராஜ் கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டான். சுவருக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது ஏணி நின்றது.

"தள்ளுங்க," என்றாள் நிஷாந்தி.

"நின்னுருச்சே."

"தெரியும். இன்னும் தள்ளுங்க."

அழகர் பிடியை முழுவதும் தள்ளினார். ஏணி அசையவில்லை. மேலே புஷ்பராஜ் நல்ல கையை நீட்டிச் சுவரைத் தொடப் பார்த்தான். விரல் எட்டவில்லை. "எட்டல மாமா," என்று குரல் கொடுத்தான். அழகர் பிடியை விட்டார். காலையும் எடுத்தார்.

கூடை இறங்கி, ஏணி மடிந்து தாங்கியில் படுத்ததும், நிஷாந்தி பெட்டியின் மூடியைப் பூட்டி, திருகாணிகளை இறுக்கினாள். பஸீர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி சனிக்கிழமை நிண்டா?"

"நிண்டா முதல்ல கண்ணப் பாருங்க. பிறகு எனக்கு கோல் எடுங்க. வயர மட்டும் கையில எடுக்காதீங்க."

"சரி தங்கச்சி."

"சரின்னு மூணு தடவை சொல்லிட்டீங்க நானா."

"இப்ப வேற சரி," என்றார் பஸீர், கையை நீட்டினார்.

அவள் சிவப்பு வயரை நாலு துண்டாக வெட்டிக் குப்பைத் தகரத்தில் போட்டாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.