சிரிப்புக்கு விட்ட மூச்சு

மேவிஸ் ஹாலரன் நடித்தது ஒரே ஒரு படம்தான். நியூயார்க் மேடைகளில் கூட்டத்தை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவளுக்கு, ஹாலிவுட்டில் முதல் நாளே சண்டை. நகைச்சுவை வசனத்தைச் சொல்லிவிட்டு அவள் ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தினாள்.

"கட்! ஏம்மா நிறுத்துற? வசனம் மறந்துபோச்சா?" என்று கத்தினார் இயக்குநர் கிராண்டல்.

"சனங்க சிரிச்சு முடிக்கட்டும்னு நிறுத்துறேன் சார்."

"இங்க யாரு சிரிக்கிறா? கேமரா ஓடும்போது எவனாவது சிரிச்சா அவன் சீட்டைக் கிழிச்சுடுவேன்!"

"இங்க இல்ல சார், தியேட்டர்ல சிரிப்பாங்க. அந்தச் சத்தத்துல அடுத்த வசனம் அமுங்கிடும்."

"இந்த மேடை புத்தியை மூட்டை கட்டி வை!"

எத்தனை முறை எடுத்தாலும் அவள் நிறுத்தினாள். அவரோ படத்தொகுப்பில் அந்த மூச்சை வெட்டி எறிந்தார்.

பக்கத்து ஊரான பசடேனாவில் படத்தை வெள்ளோட்டமாகப் போட்டுக் காட்டியபோது, அந்த நகைச்சுவை வசனத்துக்குத் தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. கதையில் கொலைகாரன் யார் என்று அவள் சொன்ன அடுத்த வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை. "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று வரிசைக்கு வரிசை கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள், வெட்டி எறிந்த பிலிம் துண்டைத் தேடி எடுத்து ஒட்டினார்கள். ஏழு வருட ஒப்பந்தத்தோடு கிராண்டலே அவள் அறைக்கு வந்தார். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கிறேன். கையெழுத்துப் போடும்மா."

"மாட்டேன் சார். ஏழு வருஷம் சிரிக்காத ஆளுங்க முன்னாடி நடிச்சா, எங்க நிறுத்தணும்னே எனக்கு மறந்துடும்."