இரண்டாவது டம்ளர்

ஏழு வருஷம். மாதம் தவறாமல் மூன்று நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் மலைவேம்புச் சாறு. குடலைப் புரட்டும் கசப்பு. அரைத்துப் பிழிந்து தருபவள் மாமியார் மாதம்மாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவள் அம்சவல்லி. குழந்தை இல்லையென்றால் பெண்தானே குடிக்க வேண்டும்? அவள் புருஷன் சின்னராசுவை ஒரு கசப்பு இலையை மென்று பார்க்கச் சொன்னவர் உண்டா? மூச்!

எண்பத்து மூன்றாம் வருஷம், சாமை அறுப்புக்கு முன்னால் மாதம்மாள் போட்டு உடைத்தாள்.

"அறுப்பு முடிஞ்சதும் ஊரைக் கூட்டப்போறேன். எங்கண்ணன் மவளை எம்புள்ளைக்கு ரெண்டாந்தாரமா கட்டி வெக்கிறேன். நீயும் இந்த வூட்லயே ஒரு மூலையில இருந்துக்க."

மூலையா? அம்சவல்லிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மறுநாள் ஜமுனாமரத்தூர் சந்தைக்கென்று கிளம்பியவள், மலையிறங்கும் வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை. ரத்தம் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் மருந்து விட்டு எக்ஸ்ரே பிடித்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"குழாய் ரெண்டும் அடைப்பில்லாம இருக்குது. உங்கிட்ட ஒரு கொறையும் தெரியல" என்றாள் நர்ஸ் ரஞ்சிதம். "இனி உன் வூட்டுக்காரரோட விந்தைப் பார்க்கணும்."

"ஆம்பளைக்குக் கூடவா டெஸ்டு இருக்குது?"

"அதைத்தான் மொதல்ல பார்க்கணும். வலியே இல்லாத டெஸ்டு. எந்த ஆம்பளை வர்றான், சொல்லு?"

சின்னராசுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய் அதையெல்லாம் கொடுத்தால் மானம் போய்விடுமாம்! அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாததில், வீட்டிலேயே தருவதாக இறங்கி வந்தான். தேன் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தாள். வெயிலில் பால் திரியாமல் இருக்க மலையில் என்ன செய்வார்களோ அதையே செய்தாள்: ஈரத்துணி சுற்றி, பச்சை இலைக் கட்டுக்குள் வைத்து, குளிரக் குளிர எடுத்துப்போனாள். இரண்டு மணி நேர நடை, அதற்குமேல் பஸ்.

ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இது இன்னா தேனா, வெச்சு வெச்சுக் குடிக்க? ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூடு ஆறாம இங்க வரணும். இதுல அத்தனையும் செத்துப்போச்சு. இதை வெச்சு அவருக்குக் கொறைன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

ஊருக்குப் போய், 'அத்தனையும் செத்துக் கெடக்குதாம்' என்று ஒரே போடாகப் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஏழு வருஷம் பொய்ப் பழி சுமந்தவளுக்கு அதை இன்னொருவர் தலையில் இறக்க மனசு வரவில்லை. நடந்ததை அப்படியே புருஷனிடம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"மாமா, பசு சினை பிடிக்கலன்னா இன்னா பண்றீங்க? காளையை மாத்திப் பாக்குறீங்க. நான் மாத்தவா சொன்னேன்? டெஸ்டுக்குத்தானே கூப்புடுறேன்?"

அடுத்த வாரம் அவன் பஸ் ஏறினான். உயிரணு மிகக் குறைவு என்று சீட்டு வந்தது. விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார் டாக்டர். சின்னராசு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

அறுப்பு முடிந்தது. ஊர்க்கவுண்டர் தலைமையில் ஊர் கூடியது. மாதம்மாள் வழக்கைச் சொல்லி முடித்ததும் அம்சவல்லி எழுந்து நின்றாள்.

"ஊர்க்கவுண்டரே, ஒண்ணு கேக்கணும். கொறை பொண்டாட்டிகிட்ட இருந்தா புருஷன் இன்னொருத்தியைக் கட்டலாம். புருஷன்கிட்ட இருந்தா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் வேடியப்பன் சிரிக்கவில்லை. மலையில் அதற்கும் வழக்கம் உண்டு. "அவ பிரிஞ்சு போயி வேற ஒருத்தனைக் கட்டிக்கலாம். நம்ம வழக்கந்தான். இப்ப எதுக்கு அது?"

சீட்டு சின்னராசுவின் சட்டைப் பையில்தான் இருந்தது. அம்சவல்லி அவனையே பார்த்தாள். இன்று இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வூடும் வேண்டாம், இவனும் வேண்டாம் என்று அவளுக்குள் முடிவாகியிருந்தது.

சின்னராசு எழுந்தான். பையிலிருந்த சீட்டை எடுத்தான். "கொறை எங்கிட்டதான். வேலூர்ல பார்த்து எழுதிக் குடுத்துட்டாங்க."

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேடியப்பன் மெல்லத் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற? போறியா, இருக்கியா?"

"இருக்கேன். ஆபரேஷனுக்கு அவரு வர்றாரு. கொழந்தை வந்தா வரட்டும், வராட்டி நாங்க ரெண்டு பேரும் இருந்துட்டுப் போறோம். ஆனா மூலையில இருக்க மாட்டேன்."

அடுத்த மாதமும் மாதம்மாள் பழக்கதோஷத்தில் மலைவேம்பை அரைத்தாள். வேண்டாம் என்று அம்சவல்லி சொல்லவில்லை. இன்னொரு டம்ளரை எடுத்து, சாற்றில் பாதியை அதில் ஊற்றி, புருஷன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு மடக்கு குடித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதையா ஏழு வருஷமா குடிச்ச?"

"மிச்சத்தையும் குடிங்க மாமா" என்றாள் அம்சவல்லி.