கடைசியாகக் கூப்பிடும் பேர்

ரூபினி அக்கா கிரீஸ் தீவு ஒண்ணுல, எங்க லிக்ஸூரி ஊர்த் தெருவுல நாப்பது வருஷம் துணி தச்சவங்க. வாயைத் திறந்தா நையாண்டிதான். பூமி ஆடினா மட்டும் அவங்க குரலே மாறிடும்.

எங்க தீவுல சின்ன ஆட்டத்துக்கெல்லாம் யாரும் காப்பிக் கோப்பையைக்கூடக் கீழ வைக்கமாட்டோம். பெருசா ஆடினா தெருவுக்கு வந்து ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுவோம். அவங்கவங்க "இருக்கேன்"னு சொல்லணும். எல்லாரும் சொன்னப்புறம் ரூபினி அக்கா, பக்கத்துல இடிஞ்சு கிடக்குற அவங்க பழைய வீட்டைப் பாத்து, "மரினெத்தா"ன்னு கூப்பிடுவாங்க. ஐம்பத்து மூணாம் வருஷ ஆட்டத்துல அந்த வீட்டோட புதைஞ்ச, மழலை மாறாத தங்கச்சி. உடம்புகூடக் கிடைக்கல. பதில் வராதுன்னு தெரிஞ்சும் தெருவே மூச்சடக்கி நிக்கும். நாய்கூடக் குரைக்காது.

என் மருமக ஹைக்கே வடக்கு ஜெர்மனிக்காரி. அவ ஊர்ல பூமி சொன்ன பேச்சு கேக்கும் போல. இங்க விளக்கு லேசா ஆடினாலே மேஜைக்கடியில பூந்துடுவா. "வெளிய வா கண்ணு, மேஜை என்ன உன் புருஷனா, இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்க?"ன்னு ரூபினி அக்கா கேலி பண்ணுவாங்க. பேர் கூப்பிடுற வழக்கத்தை என் மகன் வழியா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். கடைசிப் பேரை மட்டும் சொல்லல. புள்ளத்தாச்சி, பயந்துடுவான்னு நெனச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அன்னைக்குக் காலையில, அவ வந்தப்புறம் முதல் தடவையா, பெரிய ஆட்டம். ஹைக்கே தெருவுக்கு ஓடினதைப் பாத்ததால அவ பேருக்கு நானே பதில் சொல்லிட்டேன். அவ இடிஞ்ச வீட்டுக்குப் பின்பக்கம் நின்னது எனக்குத் தெரியாது.

"மரினெத்தா."

"இருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து, மழலை மாதிரி ஒரு குரல். எங்க மொழியில அவளுக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையில அது ஒண்ணு.

"ஸ்தமாத்தா, கேட்டியாடி? பேசிட்டா"ன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே ரூபினி அக்கா அந்த வீட்டைப் பாத்து நடந்தாங்க.

"அக்கா, அது ஹைக்கே. உள்ள போகாதீங்க."

"என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?"

சிரிச்ச முகமா உள்ள போனாங்க. உடனே வந்த அடுத்த ஆட்டத்துல மிச்சச் சுவரும் அவங்க மேல விழுந்துடுச்சு.

"யாரும் பதில் சொல்லலையேன்னு பாவமா இருந்துச்சு அத்தை"ன்னு பின்னாடி ஹைக்கே அவ மொழியில அழுதா, என் மகன் எடுத்துச் சொன்னான். நான் அவளைத் திட்டல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திட்டுறது?

இப்ப ஆட்டம் வந்தா கடைசியில நான் ரெண்டு பேரைக் கூப்பிடுறேன். பேரப்புள்ள இப்பதான் பேசப் பழகுது. நான் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஹைக்கே அதோட வாயைப் பொத்திக்கிட்டு நிப்பா.