தெருவிளக்கு போட்ட பிறகுதான் ராத்திரி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஜீவந்தரன் சார் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறார். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, எழவு வீடு எதற்கும் விலக்கில்லை. சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். மாலையோடு போன சார் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே அண்ணாந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, இறந்தவரின் மகனைத் தனியே கூப்பிட்டார்: "பொட்டி கரண்ட ஜாஸ்தி இழுக்குதுபா. மாமாவ சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க."

மின்சார வாரியத்தில் ரீடிங் எடுத்தே ஓய்வு பெற்ற மனிதர், வேறு எதைப் பார்ப்பார்? திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். எனக்கு அடுத்த வீடு. காஞ்சிபுரத்தில் அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. ஆனால் ஒரு நாளும் அவர் குச்சி எடுத்ததில்லை. பாய்ந்து வரும் நாயிடம், "இருப்பா தம்பி, எழுதிக்கினு போயிடறேன்" என்று சமாதானம் பேசுவார். நாய்கள் கேட்கவில்லை என்பதற்கு அவருடைய கெண்டைக்கால்கள் சாட்சி. சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் அதை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு, கடைசி எறும்பு விடைபெறும்வரை காப்பிக்குக் காத்திருக்கிற வீடு அது.

பணி ஓய்வு விழாவுக்குச் சட்டை தைக்கப் போன இடத்தில்தான் வினை வெளியே வந்தது. கழுத்தளவு எடுத்த தையல்காரர் முனிரத்தினம் டேப்பை அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னா சார் இது, நெல்லிக்காயாட்டம் இருக்குது?"

சார் அசரவில்லை. "சர்வீஸ் பூரா அண்ணாந்து அண்ணாந்து மீட்டர் பாத்ததுபா. கழுத்து காச்சிப்போயிருக்குது. ரிட்டயர் ஆனா தானா எறங்கிடும்."

ரிட்டயர் ஆனார். நெல்லிக்காய் இறங்கவில்லை. துணைக்கு அக்குளில் இன்னொன்று வந்தது. அது ரீடிங் நோட்டு வைக்கிற தோல்பையைத் தோளில் மாட்டியதால் வந்ததாம். அவருடைய மனைவி மதனவதி அக்காவுக்கு இந்த இலாகா ரீதியான விளக்கம் பிடிபடவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார், என் காரில்தான். கட்டியில் துளி வெட்டிப் பார்த்ததில் லிம்போமா என்று வந்தது. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய்.

டாக்டர் எஸ்தர் பொறுமைசாலி. "பயப்படாதீங்க சார், குணமாக்கலாம். மருந்து ஏத்தினா அந்த செல்லுங்க எல்லாம் செத்துடும்" என்றார். புற்றுநோய் என்று சொன்னபோது வாடாத முகம், "செத்துடும்" என்றதும் வாடிப்போயிற்று.

"எல்லாத்தயுமா கொல்லணும்? போவச் சொல்ல முடியாதா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொல்லிப் பாருங்க சார். நான் மருந்தையும் ஏத்திடறேன்."

அந்த உடன்படிக்கையின்படி சிகிச்சை ஆரம்பித்தது. மருந்து ஏற்றும் மெஷினில் எண்கள் ஓடுவதைப் பார்த்ததும் சாருக்கு உயிர் வந்துவிட்டது. தன் மெஷினைப் படித்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மெஷினைப் படித்தார். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போகிற சாக்கில் வார்டு முழுக்க ரீடிங் எடுத்துவிட்டு வந்தார். "உங்க மெஷினு கொஞ்சம் ஸ்லோவா ஓடுது சிஸ்டர், மாத்தச் சொல்லுங்க" என்று சிபாரிசு வேறு. நர்ஸ் அம்மா அவருடைய படுக்கையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

சிரிப்பு அதோடு நின்றது. மருந்து ஏறிய பிறகு பகலில் சோற்றைக் கண்டாலே குமட்டல். இட்லியைப் பார்த்து ஓடுகிறார், கஞ்சியைப் பார்த்து ஓடுகிறார். பசி என்பது இருட்டிய பிறகுதான் எட்டிப் பார்க்கும். அங்கேதான் சிக்கல். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது என்பது அவர்கள் குடும்பத்து நோன்பு. சின்ன வயதிலிருந்து மீறாதவர். ஆபீஸ் விருந்துகளில் எல்லாரும் பிரியாணியில் முங்கும்போது, இவர் தண்ணீர்கூடத் தொடாமல் மண்டபத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆள் துணி காயப்போட்ட கொடிக்கம்பு போல ஆகிவிட்டார். "எடை இன்னும் எறங்குச்சின்னா அடுத்த மருந்தத் தள்ளித்தான் போடணும். தள்ளிப்போட்டா கட்டிக்குத்தான் கொண்டாட்டம்" என்று எஸ்தர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கோயில் பெரியவரே வீடு தேடி வந்து, "சீக்காளிக்கு நோன்பு விலக்கு உண்டு, சாப்புடு" என்றார்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீக்காளிக்குத்தானே விலக்கு? நான் ட்ரீட்மென்ட்ல இருக்கறேன், அவ்ளோதான்."

விலக்கை ஏற்றுக்கொண்டால் நோயையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமே! மதனவதி அக்கா சமையலறைக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது.

வழி காட்டியது ஐப்பசி மழைதான். வானம் மூடிக்கொண்டதால் சூரியன் இருக்கிறதா போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடிகாரத்தைச் சார் மதிப்பதில்லை. "அத எவன் வேணாலும் திருகி வெப்பான். தெருவிளக்கு அப்டியா? டிபார்ட்மென்ட் சமாச்சாரம்." தெருவிளக்கு போட்டால் ராத்திரி, போடாதவரை பகல். அதற்கு முன் வீட்டு விளக்கைப் போடுவதும் அவருடைய சட்டப்படி குற்றம்.

எங்கள் தெருவுக்கு இன்னும் கை சுவிட்ச்தான். முனைக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து லைன்மேன் தனசேகரன் போடுவான். அக்கா அவனைப் போய்ப் பிடித்தார்.

"சார் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் வெளக்கப் போடாதபா."

"மேல கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"பாவமெல்லாம் என் தலைல ஏறட்டும். நீ கம்பத்துகிட்ட சும்மா நில்லு, போதும்."

சாப்பாடு முடிந்ததும் வாசலில் போய் நின்று, தனசேகரனுக்குக் கேட்கிற மாதிரி இருமுவது என் உத்தியோகம்.

முதல் இரண்டு நாள் தெரு அல்லோலகல்லோலப்பட்டது. எதிர்வீட்டு லோகாம்பாள் படுத்திருந்த எருமையின் மேல் கால் வைத்து, எருமையும் அவரும் ஒரே குரலில் கத்தினார்கள். பால்காரர் எங்கள் பாலைப் பூட்டிய வீட்டில் ஊற்றிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்த பிறகு எல்லாரும் சார் வீட்டைத் தாண்டும்போது மட்டும் செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு போனார்கள். லோகாம்பாள்கூட எருமையை வேறு பக்கம் கட்டச் சொல்லிவிட்டார்.

உள்ளே, கன்னங்கரேலென்ற அந்தப் "பகலில்", சார் சாப்பிட்டார். ரசத்தை அக்கா தட்டுக்கு ஊற்றினால் பாதி டம்ளருக்குப் போகும். அப்பளத்தை அவர் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை அப்பளம் எடுத்துக்கொடுத்த என் விரலைக் கடிக்கப் பார்த்தார்.

"பொழுது இன்னிக்கி நீளமா இருக்குதே, மதனா?"

"மழக்காலம்ங்க, அப்டித்தான் இருக்கும்."

"ஆமாமா" என்பார் சார். மழைக்காலத்தில் பொழுது சீக்கிரம் சாயும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. கேட்கப் பயமாக இருந்தது. எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை தனசேகரனுக்கு மச்சினன் கல்யாணம். அவனுக்குப் பதிலாக வந்த ஆளிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. சார் பாதி ரசஞ்சோற்றில் இருந்தபோது, ஜன்னலுக்கு நேரேயிருந்த கம்பத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. முடியெல்லாம் கொட்டிப்போன அவர் தலை, தட்டு, டம்ளரில் மிதந்த ரசம் எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தன. அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் கைவசம் ஏதாவது பொய் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

சார் விளக்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து, எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி இடக்கையால் ஜன்னலைச் சாத்தினார், கொக்கியையும் மாட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டை அக்காவின் கரண்டிக்கு அடியில் நகர்த்தினார்.