வான்கோழிக்கு ஒரு பிளாட்பாரம் டிக்கெட்

மதியம் ஒன்றே கால் மணி. அரைநாள் பள்ளி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வான்கோழி. பக்கத்தில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோழிக்குத் தனித் தட்டு. அதில் ஊறவைத்த வேர்க்கடலை.

அது கிறிஸ்துமஸுக்காக அப்பா வாங்கிவந்து கொல்லையில் கட்டியிருந்த கோழி. மாமா அம்மாவின் அண்ணன். கனவில் வருவது போன்ற படங்களை வரைந்து பெரிய பேர் வாங்கியவர். அறுபதுகளின் கடைசியில், அந்த டிசம்பர் முழுக்கத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டுக்குள் குடை பிடித்து நடந்தார். ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டார். "ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான்" என்பாள் அம்மா. நான் அப்படி நடந்திருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

சாயங்காலம் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எலெக்ட்ரிக் ரயில் காட்ட ஸ்டேஷனுக்குப் போவார். அதற்கும் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்குவார். என்னை ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை. திரும்பிவந்து வரைவார்: அங்கி போட்டுப் பிரசங்கம் செய்யும் வான்கோழி, சிக்னல் கம்பத்தில் தூங்கும் வான்கோழி.

"மாமா, என்னை எப்ப வரைவீங்க?"

"நீ ஆடிக்கிட்டே இருப்ப, பாப்பா."

"அது மட்டும் ஆடலையா?"

"அது ஆடுனா அழகா இருக்கே!"

தெருப் பிள்ளைகள் புதுத் துணிக்காகக் கிறிஸ்துமஸை எதிர்பார்த்தார்கள். நான் அந்தக் கோழிக்காக எதிர்பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அண்ணா, காலைல அறுக்க ஆள் வருது. உங்களுக்குக் கஷ்டம்னா விட்டுடலாம். மட்டன் எடுத்துக்கலாம்."

"இதுல என்னம்மா கஷ்டம்? கால் எனக்கு வெச்சுடு."

கிறிஸ்துமஸ் அன்று கோயிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா இரண்டு கால்களையும் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த என்னை முதல் தடவையாக நெடுநேரம் பார்த்தார்.

"ஆடாம இரு."

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தேன். படம் கைக்கு வந்ததும் தெருவில் வீடு வீடாக ஓடிக் காட்டினேன். ஹாலில் மாட்டச் சொல்லி அடம்பிடித்தேன். அம்மா அதை வாங்கி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவளுக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தில் நான் சாப்பாட்டு மேசையின் நடுவே, பெரிய பீங்கான் தட்டில் உட்கார்ந்திருந்தேன்.