பத்தரை மணி நிலா

போன வாரம் மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தக் காணொளியை அனுப்பியிருந்தார். நிலவில் நட்ட கொடி ஆடுகிறது. காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி ஆடும் என்று ஒரு குரல் மிரட்டுகிறது. அம்மாவின் தம்பியான இந்த மாமா இருபது வருடத்துக்கும் மேலாக அதே கொடியை ஆட்டிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் பூங்கொத்தும் கும்பிடும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அப்பாவும் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. அவர் ஒன்றும் எழுதமாட்டார் என்று தெரிந்தும் நான் மாலை வரை கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பொதுவாகவே எனக்குப் பொறுமை குறைவு. இந்த நிலா விஷயத்தில் அறவே கிடையாது.

எனக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை எங்கள் அடுக்குமாடியில் அப்பாவுக்கு நிலாக்காரர் என்று பெயர். ஈப்போவில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவருக்கு அப்படியொரு பெயர் வரக் காரணம், மனிதன் நிலவில் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது, தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணியாரின் வீட்டு வாசலில் நின்று தொலைக்காட்சியில் பார்த்தாராம். வெள்ளை உடுப்புக்காரன் ஏணியில் பின்பக்கமாக இறங்கினான். கடைசிப் படியில் கொஞ்சம் தயங்கினான். பிறகு இவர் அண்ணாந்து பார்த்தால், தோட்டத்து ரப்பர் ஆலைப் புகைக்கூண்டுக்கு மேலே நிலா.

“அங்க ஆளு நடக்குறான், நான் இங்கேருந்து பாக்குறேன். எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க” என்று அப்பா கேட்பார். கிராணியார் வீட்டம்மா அன்று கொடுத்தது முதலில் ஒரு பிஸ்கட்டாக இருந்தது, வருடம் ஏற ஏற ஒரு டின் ஆகிவிட்டது. அப்பாவின் படிப்பு பாதியில் நின்று போனது. சொந்த வீடு இல்லை, சொந்தமாக ஒரு வண்டி என்றால் பழைய மோட்டார் சைக்கிள். ஆனால் ஒரு கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் வாயைப் பார்க்கிறார்கள் என்றால் அது இந்த ஒரு கதைக்காகத்தான். எனக்கும் அதில் பெருமை உண்டு. பள்ளியில் நான் நிலாக்காரர் மகள்.

அந்த நிலாவுக்குத்தான் மாமா வேட்டு வைத்தார். அவர் அப்போது இரவுச் சந்தையில் விசிடி விற்றுக்கொண்டிருந்தார். நிலவில் யாரும் இறங்கவே இல்லை, எல்லாம் நாடகம் என்று சொல்லும் ஒரு விசிடியைத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் போட்டுக் காட்டினார். சித்தியவானிலிருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் அப்பாவுக்கு இரண்டு வயது இளையவர். அங்கே ஒரு பள்ளியில் குமாஸ்தா.

“ஸ்டூடியோல எடுத்தது லா, மச்சான். வானத்துல ஒரு நட்சத்திரம் காணோம், பாருங்க” என்றார் மாமா.

“நான் பாத்தேன்யா.”

“நீங்க பாத்தது படம். நான் விக்கிறதும் படம்.”

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. நிலாவில் எவன் இறங்கினால் என்ன, சோறு ஆறுகிறது என்றார் அம்மா. நான் சித்தப்பாவிடம், “நீங்களும் அதே தோட்டம்தானே, நீங்க பாக்கலையா?” என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அதான் அண்ணன் சொல்றாருல்ல” என்றார்.

அடுத்த சில மாதங்களில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாணவர் பட்டிமன்றம் வந்தது. தலைப்பு: மனிதன் நிலவில் இறங்கியது உண்மையா, நாடகமா? அணிக்கு மூன்று பேர், எந்த அணி என்பது சீட்டுக் குலுக்கி. எனக்கு ‘நாடகம்’ விழுந்தது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவித்தபடி வந்தேன். அப்பா சிரித்தார். “சீட்டுல வந்தது தானே. நல்லா பேசு” என்று சொல்லிவிட்டு, பட்டிமன்றம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மிகைநேர வேலை வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொடி, நட்சத்திரம், நிழல் என்று எனக்குப் பாடம் எடுத்தார். சிக்கல் என்னவென்றால் எங்கள் அணியில் நான் மூன்றாவது ஆள். எனக்கு முன்னால் பேசும் இருவரிடமும் அதே விசிடிதான் இருந்தது. என் முறை வரும்போது எல்லாவற்றையும் அவர்களே சொல்லி முடித்திருப்பார்கள். யாரிடமும் இல்லாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. இரண்டு வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு அலைந்தேன். கணக்குப் பாடத்தில் காது இல்லை, சாப்பாட்டில் மனம் இல்லை.

கடைசியில் நூலகத்தில், ஒரு மலாய்ப் புத்தகத்தில் அது கிடைத்தது. நிலவில் முதல் காலடி பட்டபோது நம் நாட்டில் என்ன நேரம் என்று அதில் போட்டிருந்தது. காலை பத்தரை மணிக்குச் சற்று முன். திங்கட்கிழமை காலை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். காலை பத்தரைக்கு அப்பாவின் புகைக்கூண்டு மேல் எந்த நிலா நின்றது?

வீட்டில் வந்து மெதுவாகக் கேட்டிருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. ஆனால் வீட்டில் கேட்டுவிட்டால் மேடையில் பேச என்னிடம் ஒன்றும் இருக்காது. மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அன்று பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா சலவைச் சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன் பேசிய எதிரணிப் பெண் எங்கள் அடுக்குமாடிக்காரிதான். அவள் முடிக்கும்போது, “கண்ணால் பார்த்த சாட்சியே இந்த மண்டபத்தில் இருக்கிறார். அதுவும் எதிரணியில் இருப்பவரின் தந்தை” என்றாள். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டல். அப்பா வெட்கத்தோடு நாலு பக்கமும் கும்பிட்டார்.

அவர் உட்காருவதற்குள் நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

“நடுவர் அவர்களே, சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி. அப்பா, அன்னிக்கு நிலா எங்க இருந்துச்சு?”

“ஆலைப் புகைக்கூண்டுக்கு மேல, மா” என்றார் அப்பா. மகள் தனக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

நான் புத்தகத்தை உயர்த்திக் காட்டினேன். “இதில் இருக்கிறது நேரம். நம் நாட்டில் அப்போது காலை பத்தரை மணி. தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கும் நேரம். அந்த வெயிலில் எந்த நிலா? பார்க்காததைப் பார்த்தேன் என்று என் அப்பாவைப் போன்ற ஒரு நல்ல மனிதரே சொல்ல முடியும் என்றால், ஒரு பெரிய நாட்டுக்கு அது எம்மாத்திரம்?”

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் மாமா விசிலடித்தார். நான் புத்தகத்தை இறக்கியபோது அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது அவர், யாரிடம் என்று இல்லாமல், “ஆமா. பால் எடுக்குற நேரம்தான். அன்னைக்கு எனக்கு ரெண்டு நெரை” என்றார். நெரை என்றால் ரப்பர் மர வரிசை. வாய்தா வாங்குகிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னொரு முறை சிரித்தது. நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மனிதன் நிலவில் இறங்கியது உண்மையே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். சிறந்த பேச்சாளர் பரிசு எனக்கு. யோசித்துப் பார்த்தால், நிலவில் இறங்கியது பொய் என்று நான் நிரூபிக்கவே இல்லை. இறங்கினார்கள் என்று சொல்லும் புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு என் அப்பா பார்த்தது பொய் என்று நிரூபித்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மண்டபத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

பரிசுக்கூடையைப் பெட்ரோல் டாங்கி மேல் வைத்து இரண்டு முழங்கையாலும் அணைத்துக்கொண்டு அப்பா வண்டி ஓட்டினார். எப்போது திட்டுவார் என்று பின்னால் உட்கார்ந்து நெளிந்துகொண்டே வந்தேன். வீட்டுக்குக் கீழே நிறுத்தியதும், “நல்லா பேசுன, மா” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அடுக்குமாடி ஆண்கள் அவரைக் காலை நிலா என்று கூப்பிட்டார்கள். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தக் கதை அதோடு நின்றது. அடுத்த தீபாவளிக்கு மாமா எவ்வளவோ சீண்டிப் பார்த்தார். “சாப்பிடு, மச்சான்” என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். சித்தப்பா அன்று பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனார்.

சித்தப்பா வாய் திறக்கப் பல வருடம் ஆனது. என் கல்யாணப் பத்திரிகை வைக்க சித்தியவானுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் என் பட்டிமன்றப் பெருமையை எடுத்துவிட்டேன். அப்பா கடைசியாகச் சொன்ன ரெண்டு நெரையையும் வேடிக்கையாகச் சொன்னேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

“அதுல ஒரு நெரை என்னோடது” என்றார்.

அன்று விடியற்காலை மழை. மரம் காயத் தாமதமாகி, பால் வெட்டு பிந்திவிட்டது. அப்படிப்பட்ட நாளில் கை போதாது என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்க்க அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு நெரை. ஆனால் அன்றுதான் வாத்தியார் பிள்ளைகளைக் கிராணியார் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

“நான் அழுதேன். அண்ணன்தான், நீ போடா, ஒன் நெரையையும் நான் பாத்துக்கறேன்னாரு. போனா, அங்க டிவி ஏது? ரேடியோதான். கரகரன்னு இங்கிலீஸு. ஒண்ணும் புரியல. சாயங்காலம் ஆலைக்குப் பின்னால உக்காந்து, என்னடா பாத்தன்னு கேக்குறாரு. கையெல்லாம் பால் பிசுக்கு. அவருகிட்டப் போயி, ரேடியோ கேட்டேன், புரியலன்னு எப்படிம்மா சொல்றது? டிவின்னேன். வாத்தியாரு சொன்னதுல பாதி, நானா சேத்தது பாதி. கடைசிப் படியில தயங்குனான்னு வரைக்கும் சொன்னேன். மேல பாதி நிலா இருந்துச்சு. அண்ணன் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

எங்கள் குடும்பத்தில் நடந்த நிலா நாடகம் அதுதான். ஏழு வயதுச் சித்தப்பா தன் அண்ணனுக்காக மட்டும் எடுத்த படம். பிஸ்கட் டின்னை விட்டுவிட்டால் அப்பா அதில் மாற்றியது ஒன்றே ஒன்று, தம்பி பார்த்ததைத் தான் பார்த்ததாக ஆக்கிக்கொண்டார். அவர் நிஜமாகவே கண்ணால் பார்த்தது அந்த நிலாவை மட்டும்தான். மேடையில் நான் பொய் என்று உயர்த்திக் காட்டியதும் அதைத்தான்.

டிவியே இல்லை என்பதைச் சித்தப்பா இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லிடாத என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதனால்தான் மாமாவின் கொடி ஆடும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

பட்டிமன்றத்துக்கு மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா அந்தப் புத்தகத்தைக் கேட்டார். பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். நேரம் போட்டிருந்த வரியில் விரலை வைத்து, உதடு அசைய இரண்டு முறை படித்தார். பிறகு விரலை எடுக்காமலே, “பத்தரைக்கு முன்ன... அப்ப மேட்டுல ஏறியிருப்பேன். ஒன் சித்தப்பா நெரைய ஆரம்பிச்சிருப்பேன்” என்று முணுமுணுத்தார். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவரோ புத்தகத்தை மூடுவதாக இல்லை. அச்சில் ஏதாவது தப்பு கிடைக்குமா, என்னிடமிருந்து தன் கதையைத் திரும்ப வாங்க முடியுமா என்று தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தை அவர் விரலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டேன்.