பாசி எடுப்பவள் பணக்காரியான கதை

நாவல் எழுதுகிறேன் என்று நான் சொன்னதும் படகில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்பவள் நான். சேலைக்கு மேல் ஆண்சட்டை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. படிப்பு பத்தாவதோடு சரி.

செல்போன் வருமுன் அக்காவுக்கு எழுதிப் பழகியதால் எனக்குக் கடிதம் மட்டும் சரளமாக வரும். அதனால் நாவலையும் கடிதங்களாகவே எழுதினேன். பாசி எடுக்கும் ஒருத்தி, முதுகுளத்தூரில் வாழ்க்கைப்பட்ட தன் அக்காவுக்கு எழுதுகிறாள். முதல் கடிதத்தில் அவளுக்கு மாற்றுச் சேலை இல்லை. கடைசிக் கடிதத்தில் சொந்தமாகப் பாசிக் கம்பெனி, மாடி வீடு, லாரி. கற்பனைதானே, நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

எழுதி முடித்துச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போனில் பேசினார். "நல்லா வந்திருக்கும்மா. ஆனா இவ ஜெயிக்கிறதுதான் நம்புற மாதிரி இல்ல. இவ கடல்லயே செத்துப்போயிட்டான்னு முடிங்க. படிக்கிறவங்க அழணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க ஊர்ல அழுகைக்குப் பஞ்சமே இல்ல சார். அதுக்கு நான் எதுக்கு எழுதணும்? அவ ஜெயிப்பா. வேணாம்னா திருப்பி அனுப்பிருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் புத்தகம் வரவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "நீங்க எழுதினபடியே போடுறேம்மா" என்றார். வீட்டுக்குள் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும்தான் நாங்கள் கடலுக்குப் போவோம். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று பெண்கள் நாங்களே பேசி வைத்த கட்டுப்பாடு அது. ஆகவே போகிற நாளில் யாரும் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க மாட்டார்கள். புத்தகம் வந்ததும், கரையில் இருந்த நாட்களில் ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கடைசிக் கடிதங்கள் மிச்சமிருக்கும்போதே அமாவாசை வந்துவிட்டது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படகில் ஏற்றினார்கள்.

பாசி கிடக்கும் இடம் வந்து நங்கூரமும் போட்டாயிற்று. ஒருத்தியும் இறங்கவில்லை.

"ஏத்தா, தண்ணி ஏறுறதுக்குள்ள எறங்குங்க!" என்று கத்தினார் படகோட்டி.

எங்களில் மூத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்த பொறுங்கண்ணே. அவ இன்னும் ஜெயிக்கல."